தும்பிக்கை லை

ஆடி 2, வெள்ளி

இந்த டைரி உரக்கடையில் கொடுத்தது. ஆறு மாதமாக ராக்கு இதை அரிசிப் பானைக்கு முட்டுக்கொடுத்து வைத்திருந்தாள். இன்றைக்கு உருவிவிட்டேன். பானை சாய்ந்தது. "எழுதி எந்தக் கலெக்டரு ஆகப்போறீக?" என்று கேட்டாள். கட்டிய பெண்டாட்டி, கேட்கட்டும்.

எழுதுவதற்குக் காரணம் கோபம். திரவியத்தை வாயால் திட்டினால் வேலை போய்விடும். எழுதித் திட்டினால் போகாது. கடையில் நின்றால் அவன் மொதலாளி. இந்த நோட்டில் அவன் அவன்தான்.

இன்றைக்கு மதுரையிலிருந்து ஒரு புருசன் பெண்டாட்டி வந்தார்கள். திரவியம் ஒரு சாய்வு நாற்காலியைக் காட்டி, "இது எங்க தாத்தா ரங்கூன்ல இருந்து கப்பல்ல கொண்டாந்தது சார்" என்கிறான். அந்த நாற்காலியை நான் போன சித்திரையில் செய்தேன். அவன் தாத்தா எங்கள் ஊர் கண்மாயில் மீன் குத்தகை எடுத்தவர். கப்பலை அவர் காலண்டரில்கூடப் பார்த்திருக்கமாட்டார். நான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறேன். "பெருசு, அந்தத் தூசியத் தொடை" என்கிறான். தூசியும் நான் போட்டதுதான்.

என் பெயர் அடைக்கலம். காரைக்குடியில் பழம்பொருள் கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் வேலை. புதுச் சாமானைப் பழசாக்குவது என் தொழில். மூன்றாம் வகுப்பு வரை படித்தேன். அதற்கு மேல் எங்கள் வீட்டு மாடு என்னைப் படிக்க விடவில்லை. நான் படித்த காலத்து எழுத்தே வேறு. இப்போது லை எழுத முன்னால் இரண்டு சுழி போடுகிறார்கள். எங்களுக்கு அது கிடையாது. ல-வின் தலையிலிருந்து யானை தும்பிக்கையைத் தூக்குகிற மாதிரி ஒரு வளைவு தூக்கிவிடுவோம். ளை-க்கும் அப்படித்தான். பிறகு சர்க்கார் மாற்றிவிட்டது. என் கைக்கு யாரும் சொல்லவில்லை.

இந்த டைரியில் அச்சடித்த தேதியை அடித்துவிட்டு எனக்குத் தெரிந்த தேதியை எழுதுகிறேன். ஜூலை என்றால் எனக்கு வெயிலா மழையா என்றே தெரியாது. ஆடி என்றால் காற்று.

ஆடி 4, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமையும் விடவில்லை. சாமான் எடுக்க வேன் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போனோம். நான் எதற்கு என்றால், வீட்டுக்காரர்கள் அவனைப் பார்த்தால் கதவைச் சாத்துவார்கள். என்னைப் பார்த்தால் தண்ணீர் கொடுப்பார்கள். நான் தண்ணீர் குடித்துக்கொண்டு, கன்றுக்குட்டியைப் பற்றி, மருமகளைப் பற்றி, மூட்டுவலிக்கு எந்த எண்ணெய் நல்லது என்பதைப் பற்றிப் பேசுவேன். அதற்குள் அவன் கண் வீட்டைச் சுற்றி வந்துவிடும். ஒரு வீட்டில் நாலு தூண் பார்த்தான். இன்னொரு வீட்டில் ஒரு பீங்கான் ஜாடி. அந்த வீட்டம்மா அதில் நாரத்தங்காய் ஊறுகாய் போட்டிருந்தது. ஊறுகாயைக் கொட்டிவிட்டுத் தரச்சொன்னான். அந்தம்மா, "ஊறுகாயோட சேத்து உன் மேல கொட்டட்டுமா?" என்றது. வேனில் வரும்வரை எனக்குச் சிரிப்பு.

சிரிப்பு எங்கள் ஊர் வந்ததும் நின்றது. சோலையம்மாள் வீட்டுக்குள் போய்விட்டான். சோலையம்மாள் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. புருசன் இல்லை. ஆடு வளர்த்து ஒரே மகள் கலையரசியை நர்ஸுக்குப் படிக்கவைத்திருக்கிறது. ஆவணி பன்னிரண்டில் அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம். என்னை அண்ணே என்று கூப்பிடும். ராக்குவுக்குக் காய்ச்சல் வந்தபோது பத்து நாள் கஞ்சி கொண்டுவந்து ஊற்றியது.

அங்கே ஒரு பெட்டி இருக்கிறது. பர்மாத் தேக்கு, பித்தளைப் பூண். அந்த வீட்டுப் பெண் கல்யாணமாகிப் போகும்போது பெட்டியும் கூடப் போகும். போவதற்கு முதல் நாள் மூடியின் உள்பக்கம் பிள்ளையின் பெயரை உளியால் வெட்டுவார்கள். மூன்று பெயர் இருக்கிறது. கண்ணாத்தாள். அதன் மகள் வெள்ளையம்மாள். அதன் மகள் சோலையம்மாள். நாலாவதுக்கு இடம் விட்டிருக்கிறது.

திரவியம் மூடியைத் திறந்து பார்த்தான். பசித்தவன் சோற்றுப் பானையைத் திறக்கிற மாதிரி.

"குடுக்குற மாதிரி இல்லீங்க" என்றது சோலையம்மாள். "அது பொண்ணு கூடப் போற பெட்டி. அண்ணே, நீங்களாவது சொல்லக்கூடாதா?"

"அதான், குடுக்காத தாயி" என்றேன்.

வேனில் திரும்பும்போது அவன் என்னோடு பேசவில்லை. ரொம்ப நல்லது.

ஆடி 5, திங்கள்

நாற்காலிக்கு உப்புத்தாள் போட்டேன். திட்டினான். பொதுவாகத் திட்டினான், குறிப்பாக ஒன்றும் இல்லை.

ஆடி 7, புதன்

நேற்று முழுக்க நல்லவனாக இருந்தான். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"பெருசு, அந்தப் பெட்டியில பின்பக்கக் கீலு இத்துப்போச்சு, பாத்தியா? கல்யாணத்துக்கு முன்னாடி கழண்டு விழுந்தா அபசகுனம்னு நெனப்பாங்க. கொண்டாந்து சரிபண்ணிக் குடுத்துருவோம். காசு வேணாம். உங்க ஊருப் பொண்ணு."

கீல் இற்றுத்தான் போயிருந்தது. பொய் இல்லை. அவன் சொன்னதில் பொய் இல்லாதது அது ஒன்றுதான்.

நான் போய்ச் சொன்னேன். சோலையம்மாள் பெட்டியைத் திறந்து கீலை அசைத்துப் பார்த்தது. "கடைக்காரரு கண்ணு சரியில்லண்ணே" என்றது.

"நான் இருக்கேன்ல தாயி" என்றேன்.

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் பெட்டியைக் கொடுத்தது. உள்ளே இருந்த சேலைகளை எடுத்து நார்க்கட்டிலில் அடுக்கியது. அடியில் கிடந்த மஞ்சள் கிழங்கைப் பொறுக்கி எடுத்தது. "பேரு வெட்ட நீங்கதான் வரணும். எங்கண்ணன் இருந்தா அது வெட்டும். ஐ.டி.ஐ. படிச்சுச்சு, அதுதான் எம் பேரை வெட்டுச்சு. அது போயிருச்சு, இப்ப நீங்கதான்" என்றது. சரி என்றேன். பெட்டியை நானும் டிரைவரும் தூக்கி வேனில் வைத்தோம்.

ஆடி 10, சனி

கீலை மாற்ற அரைமணி நேரம் ஆனது. உடனே கொடுத்துவிட்டு வருகிறேன் என்றேன். "இரு பெருசு. இந்த மாடலு நல்லாருக்கு. இதப் பாத்து ஒண்ணு செய். மாதிரி ஒண்ணு கையில இருந்தா ஆர்டரு புடிக்கலாம்" என்றான்.

மாதிரி செய்வதில் தப்பில்லை. எல்லாக் கடையிலும் செய்கிறார்கள்.

இடித்த வீட்டு உத்தரக்கட்டை ஒன்று கிடந்தது. அதுவும் பர்மாத் தேக்கு. அறுத்தேன். உள்ளே ஒரு கறுத்த ஆணி இருந்து ரம்பத்தின் பல்லை உடைத்தது. அதற்கும் திட்டினான். ஆணியை அடித்தவன் செத்து அறுபது வருடம் இருக்கும், அவனைப் போய்த் திட்ட வேண்டியதுதானே?

பழைய கட்டையில் செய்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. மீதிப் பாதிதான் வித்தை. அதை யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை, இங்கே எழுதி வைக்கிறேன். தெரியாதவன் சாமானை எல்லா இடத்திலும் பழசாக்குவான். சைக்கிள் செயினை எடுத்துக் குருட்டடி அடிப்பான். சாமான் அப்படிப் பழசாகாது. கை படுகிற இடத்தில் மட்டும்தான் பழசாகும். நாற்காலி என்றால் கைப்பிடியின் நுனி. கதவு என்றால் நாதாங்கிக்கு ஒரு சாண் மேலே, ஏனென்றால் தள்ளுகிற கை அங்கேதான் போகும். இந்தப் பெட்டிக்கு மூடியின் இடது மூலை. வலது கையால் சேலையை எடுக்க வேண்டும், அதனால் மூடியை இடது கையால் பிடிப்பார்கள். கட்டைவிரல் உட்கார்ந்து உட்கார்ந்து அங்கே ஒரு பள்ளம். புளியங்கொட்டை அளவு. மூன்று பெண்களின் கட்டைவிரல்.

அந்தப் பள்ளத்தை உப்புத்தாளும் தேங்காய் நாரும் வைத்து இரண்டு நாளில் கொண்டுவந்துவிடுவேன்.

ஆடி 13, செவ்வாய்

பள்ளம் வந்துவிட்டது.

கஞ்சித் தண்ணீரில் பழைய ஆணிகளைப் போட்டு வைத்திருந்தேன். துருத்தண்ணீர் நன்றாக இறங்கியிருந்தது. ஒரு கை பூசினால் தேக்கு கறுத்துவிடும். அதன் மேல் டீ டிக்காசன். இந்த டீயால் எனக்கு வீட்டில் தகராறு. ராக்கு, "மரத்துக்கு ஸ்ட்ராங்கா போடுறீக, எனக்கு ஒரு வா டீ போட்டுக் குடுத்திருக்கீகளா?" என்கிறாள். அடிப்பலகையில் வண்டு துளைத்த மாதிரி ஓட்டை போடக் கோணூசி. பித்தளைக்குப் புளியும் சாம்பலும்.

திரவியம் வந்து இரண்டு பெட்டியையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "எது எதுன்னே தெரியல பெருசு!" என்றான். பதினோரு வருடத்தில் அவன் என்னைப் புகழ்ந்தது இதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தோசமாக இருந்தது. எழுதக் கூசுகிறது, ஆனால் இருந்தது.

ஆடி 15, வியாழன்

மூக்கை உள்ளே விட்டுப் பார்த்தேன். மாதிரியில் டீ வாசனை. பழைய பெட்டியில் மஞ்சள் வாசனை. கிழங்கை அரைத்து உள்ளே தேய்த்தேன், கொஞ்சம் கற்பூரமும் வைத்தேன். இரண்டு நாள் மூடி வைத்தால் ஊறிவிடும்.

வேலை என்றால் முழுதாகச் செய்ய வேண்டும். அவ்வளவுதான்.

ஆடி 16, வெள்ளி

"பேரையும் வெட்டிரு" என்றான்.

"மாதிரிக்குப் பேரு எதுக்கு மொதலாளி?"

"மாதிரின்னா முழுசாத்தான் பெருசு. பேரு இருந்தாத்தான் பழசுன்னு நம்புவான்."

வெட்டினேன். கண்ணாத்தாள். பிறகு வெள்ளையம்மாள், அந்த ளை-க்குத் தும்பிக்கை. நான் படித்த எழுத்து, உளி தானாக ஓடியது. பிறகு சோலையம்மாள். அதையும் வெட்டினேன். வெட்டி முடித்து ஊதிவிட்டுப் பார்த்தபோது என் லை தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நின்றது. பழைய பெட்டியில் அது இரண்டு சுழி லை, சோலையம்மாளின் அண்ணன் புது எழுத்துப் படித்தவன். கை தவறு. மரத்தில் வெட்டியதை எச்சில் தொட்டு அழிக்க முடியாது.

திரவியம் வந்தான். அவன் எழுத்தைப் படிக்கவில்லை, எண்ணினான். "மூணு பேரு. சரி." போனில் நாலைந்து போட்டோ எடுத்தான். பிறகு இரண்டு பெட்டியையும் அவனே சாக்கில் சுற்றினான். பதினோரு வருடத்தில் அவன் சாக்கைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

ஆடி 18, ஞாயிறு

பெருக்கு. லீவு. ராக்கு எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு எல்லாம் கட்டினாள். கண்மாயில் தண்ணீர் இல்லை, வாய்க்கால் ஓரம் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஒரு காக்கை என் இலையிலிருந்து அப்பளத்தைத் தூக்கிப் போய்விட்டது. காக்கைக்குக்கூட என்னைக் கண்டால் இளப்பம்.

"சோலை வீட்டுக்குப் பெட்டிய வேன்ல கொண்டாந்து எறக்கிட்டாகளாம்" என்றாள் ராக்கு.

"யாரு சொன்னா?"

"பாத்தவுக சொன்னாக. நீங்க கூட போகலையா?"

நான் போகவில்லை. என்னைக் கூப்பிடவில்லை. லீவு நாளாகப் பார்த்து ஏன் இறக்க வேண்டும்? கேட்கலாம்தான். தண்ணீர் குடித்தேன்.

ஆடி 20, செவ்வாய்

கொட்டகையின் மூலையில் தார்ப்பாய்க்கு அடியில் ஒரு பெட்டி இருந்தது. மாதிரியாகத்தான் இருக்கும் என்று மத்தியானம் வரை வேலை பார்த்தேன்.

சாப்பிட்ட பிறகு தார்ப்பாயை விலக்கி மூடியைத் திறந்தேன். சோலையம்மாள். லை-க்கு இரண்டு சுழி.

பாவிப்பயல். திருட்டுப்பயல். அவன் வீட்டுக் கதவில் கரையான் ஏற. அவன் நாற்காலியெல்லாம் அவன் உட்காரும்போது ஒடிய. இன்னும் எழுதுவேன், ராக்கு படிக்கமாட்டாள், இருந்தாலும் கடைசி இரண்டு வரியை அடித்துவிட்டேன்.

நேரே முன்கடைக்குப் போனேன். ஆள் யாரும் இல்லை.

"மொதலாளி, பெட்டி மாறிப்போச்சு."

"மாறல பெருசு."

"அந்தப் புள்ள கல்யாணத்துக்கு..."

"இப்ப என்ன, அதுகிட்டப் பெட்டி இல்லையா? கீலு புதுசு, அடிப்பலகை கெட்டி. அதுல சேலை வைக்க முடியாதா? நான் நல்லதுதான் பண்ணியிருக்கேன்."

"நான் போய்ச் சொல்லிருவேன்."

அவன் சிரித்தான். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "போய்ச் சொல்லு. போலிப் பெட்டிய யாரு செஞ்சதுன்னு கேக்கும். என்ன சொல்லுவ? பெட்டியை யாரு வாங்கிட்டு வந்ததுன்னு கேக்கும். என்ன சொல்லுவ? போ பெருசு, போய் டீயக் குடி."

டீயைக் குடிக்கவில்லை. அதுதான் நான் செய்த வீரம்.

ஆடி 21, புதன்

சொல்லவில்லை.

ஆடி 22, வியாழன்

இன்றைக்கும் இல்லை. காற்று பலமாக இருந்தது.

ஆடி 24, சனி

பஸ்ஸை விட்டு இறங்கும்போது சோலையம்மாள் ஆட்டுக்குத் தழை சுமந்துகொண்டு எதிரே வந்தது.

"பெட்டி நல்லா வந்திருக்காண்ணே?" என்று என்னைக் கேட்டது. நான் அல்லவா அதைக் கேட்க வேண்டும்.

"நல்லாத்தான் இருக்கும் தாயி."

"நீங்க வந்து பாக்கவே இல்லையே."

"வேலை."

"எம் பேரை எப்படிண்ணே எழுதுவீக? எனக்குத் தெரிஞ்சது அந்த ஒரு பேரு எழுதத்தான். நூறு நாள் வேலையில கையெழுத்துப் போடணும்னு கலைதான் சொல்லிக்குடுத்துச்சு. சும்மா, எழுதிக் காட்டுங்களேன்."

ரோட்டோர மண்ணில் குச்சியால் எழுதிக் காட்டினேன். அது தலையில் சுமையோடு குனிந்து பார்த்தது. ரொம்ப நேரம் பார்த்தது. பிறகு, "சரிண்ணே" என்று போய்விட்டது.

இந்த வெயிலில் ஒரு பொம்பளையை இவ்வளவு தழை சுமக்க விட்டிருக்கிறானே கடவுள். அவன் மேலும் எனக்குக் கோபம்தான்.

ஆடி 28, புதன்

இன்றைக்கு நடந்ததை நிதானமாக எழுதவேண்டும். ராக்குவிடம் விளக்கெண்ணெய் வாங்கி உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். துருத்தண்ணீர் ஏறிய கை, கறுப்பு போகவே மாட்டேன் என்கிறது.

சென்னையிலிருந்து ஓட்டல்களுக்கு அலங்காரம் செய்து கொடுக்கிற அம்மா ஒருவர் வந்தார். மிருணாளினி என்று பெயர். முப்பத்தைந்து வயது இருக்கும், பருத்திப் புடவை, கண்ணாடி. நல்ல மாதிரி. எனக்கும் வணக்கம் சொன்னார். திரவியம் தார்ப்பாயை விலக்கினான். "நூறு வருசப் பெட்டி மேடம். மூணு பேரும் சுதந்திரத்துக்கு முன்னாடி வெட்டுனது" என்றான்.

அந்தம்மா மூடியைத் திறந்து, போனை எடுத்து, மூடியைப் பார்த்து, போனைப் பார்த்து, மறுபடி மூடியைப் பார்த்தார்.

"நீங்க அனுப்பின போட்டோல இருக்கிற பெட்டி இது இல்லையே" என்றார்.

"அதேதான் மேடம்!"

"இல்ல சார். போட்டோல சோலையம்மாள்ல பழைய லை. தும்பிக்கை மாதிரி இருக்கு, பாருங்க. அதுக்காகத்தான் நான் இவ்வளவு தூரம் வந்தேன். இதுல புது லை வெட்டியிருக்கு. எழுபத்தெட்டுக்கு அப்புறம் வந்த எழுத்து. சுதந்திரத்துக்கு முன்னாடி இந்த லையை யார் வெட்டியிருப்பா? ஒரிஜினலை வச்சுக்கிட்டு எனக்கு டூப்ளிகேட் தர்றீங்களா?"

திரவியம் போனைப் பார்த்தான். மூடியைப் பார்த்தான். அவன் படித்தது எல்லாம் புது எழுத்து. பழைய எழுத்து அவனுக்குக் கிறுக்கல், அதனால்தான் எண்ணியதோடு விட்டான். அன்றைக்கு என் மாதிரியைப் போட்டோ எடுத்து, அதையே இந்தம்மாவுக்கு அனுப்பியிருக்கிறான். இப்போது அசலை முன்னால் வைத்துக்கொண்டு போலி என்று வசவு வாங்குகிறான். அவன் மூஞ்சி இஞ்சி கடித்த மாதிரி ஆனது. அசல்தான் என்று நிரூபிக்கவேண்டுமானால், போட்டோவில் இருப்பது போலி என்று சொல்லவேண்டும். சொல்ல முடியுமா?

"ஐயா, நீங்க சொல்லுங்க. இது போட்டோல இருக்கிற பெட்டியா?" அந்தம்மா என்னைக் கேட்டார்.

"இல்லம்மா. அது வேற பெட்டி" என்றேன். இந்த மாதத்தில் நான் பேசிய முதல் உண்மை.

போட்டோவில் உள்ளதைப் பத்து நாளில் கொடுத்தால் பார்க்கலாம், இல்லையென்றால் இந்தக் கடைப்பக்கமே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

ஆடி 29, வியாழன்

"வேணும்னே செஞ்சியா பெருசு? அந்த லைய?"

"கை தவறு."

"மூணு பேருல அந்த ஒரு எழுத்துல மட்டும் எப்படிக் கை தவறும்?"

"என் கை அப்படித்தான் படிச்சுச்சு மொதலாளி."

அவன் ஒரு ஜாடியை எட்டி உதைத்தான். ஊறுகாய் ஜாடி இல்லை, அது கிடைக்கவில்லையே. நான் பழசாக்கிய போலி ஜாடி. அவனுக்கும் தெரியும், அதனால்தான் அதைப் பார்த்து உதைத்தான். கோபத்திலும் கணக்குப் பார்க்கிறவன்.

பிறகு அருகில் வந்து, குரலை இறக்கி, "நீயே போ. பெட்டியில வண்டு இருக்கு, மருந்து அடிக்கணும்னு சொல்லி அதை வாங்கிட்டு, இதைக் குடுத்துட்டு வா. ஆளுக்குத் தெரியக்கூடாது" என்றான்.

திருடியதைத் திருப்பிக் கொடுக்கவும் பொய்தான் சொல்லச் சொல்கிறான். ஆனால் போகிறேன். ஓடியே போவேன்.

ஆவணி 1, ஞாயிறு

வேனை வாசலில் நிறுத்தி, டிரைவரோடு பெட்டியை இறக்கினேன். வண்டு, மருந்து என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

சோலையம்மாள் வெளியே வந்தது. சாக்கை அதுவே அவிழ்த்தது. மூடியைத் திறந்து, தன் பெயர் மேல் விரலை ஓட்டியது. இரண்டு சுழியிலும் விரல் நின்று நின்று போனது.

"வந்துருச்சா எம் பேரு?" என்றது.

நான் வண்டு என்று வாயைத் திறந்தேன். வேறு கேள்விதான் வந்தது.

"அந்தப் பெட்டி எங்க தாயி?"

கையைக் காட்டியது. ஆட்டுக் கொட்டகை. என் பெட்டி வைக்கோலுக்குப் பக்கத்தில் இருந்தது. உள்ளே தவிடு. மேலே ஒரு கிடாக்குட்டி ஏறி நின்றுகொண்டு என்னைப் பார்த்தது. சேலை ஒன்றுகூட அதற்குள் போகவில்லை. நார்க்கட்டிலிலேயே அடுக்கியபடி இருந்தன.

"எப்பத் தெரியும்?"

"எறக்குன அன்னைக்கே. கண்ணாத்தா பேரும் எங்கம்மா பேரும் எனக்குப் படிக்கத் தெரியாது. எம் பேரு தெரியும்ல? எம் பேருக்கு எப்பண்ணே தும்பிக்கை மொளைச்சுச்சு? யாரு கையின்னு தெரியல. அதான் ரோட்டுல எழுதிக் காட்டச் சொன்னேன்."

"அன்னைக்கே கேட்டிருக்கலாம்ல தாயி?"

"நீங்களே சொல்லுவீகன்னு இருந்தேன். நேத்து வரைக்கும் இருந்தேன். இன்னைக்கு வரலைன்னா நாளைக்குப் போலீசுக்குப் போறதா இருந்தோம், நானும் கலையும்."

கலையரசி நிலைப்படியில் நின்றது. என்னையே பார்த்தது. அந்தப் பார்வைக்கு அது பேசியே இருக்கலாம்.

அப்போது நான் ஒன்று சொன்னேன். எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன், எழுதிவிடுகிறேன். "உனக்குத் தெரியணும்னுதான் தாயி அந்த லைய அப்படி வெட்டுனேன். ஒரு அடையாளத்துக்கு" என்றேன்.

சோலையம்மாள் கோபப்படவில்லை. ஆட்டுக்குட்டியை இறக்கிவிட்டு, தவிட்டைச் சாக்கில் தட்டிவிட்டு, வெறும் பெட்டிக்குள் குனிந்து மோந்து பார்த்தது.

"அப்ப மஞ்சளு எதுக்குண்ணே?" என்றது.

ஆவணி 2, திங்கள்

மாதிரியைக் கடைக்குக் கொண்டுபோனேன். போகிற வழியில் வேனை ஒரு புளியமரத்தடியில் நிறுத்தச் சொன்னேன். டிரைவர் டீ குடிக்கப் போனான். இழைப்புளியை எடுத்தேன். கண்ணாத்தாள் போனது. வெள்ளையம்மாள் போனது. தும்பிக்கையோடு இருந்த சோலையம்மாளுக்கு மட்டும் ஏழெட்டுத் தடவை இழைக்க வேண்டியிருந்தது, ஆழமாக வெட்டியிருந்தேன். கை தவறியவன் அவ்வளவு ஆழமாக வெட்டமாட்டான். கை தவறாதவன் மஞ்சள் தேய்க்கமாட்டான். இரண்டும் நான்தான். இழைத்த சுருள் காலடியில் கிடந்தது, மேலே கறுப்பு, கீழே வெளுப்பு.

திரவியம் ஆவலாக மூடியைத் திறந்தான். உள்ளே புதுமரம் பல்லைக் காட்டியது.

"பேரு எங்கடா?"

பெருசு போய் டா வந்துவிட்டது.

"மாதிரிக்குப் பேரு எதுக்கு மொதலாளி?" என்றேன்.

அவன் சொன்னதை எழுதமாட்டேன். நான் சொன்னதையும் எழுதமாட்டேன். பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாம் வெளியே வந்து நின்று கேட்டார்கள். என் உளி, கொட்டாப்புளி, இழைப்புளி மூன்றையும் துண்டில் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். துருத்தண்ணீர்ச் சட்டியை மட்டும் அவன் வெள்ளை நிறக் காரின் மேல் வைத்துவிட்டு வந்தேன். சட்டி ஓட்டைச் சட்டி.

ஆவணி 5, வியாழன்

வேலை இல்லை. ராக்குவுக்கு நானே டீ போட்டுக் கொடுத்தேன். "மரத்துக்குப் போட்ட மாதிரியே இருக்கு" என்றாள். குடித்தாள்.

ஆவணி 11, புதன்

நாளைக்குக் கல்யாணம். இன்றைக்குப் பெயர் வெட்டவேண்டும். என்னைக் கூப்பிட ஆள் வரவில்லை. ராக்குதான், "போங்க, வாசல்லயாவது நின்னுட்டு வாங்க" என்று தள்ளினாள். உளியைத் தீட்டி எடுத்துக்கொண்டு போனேன்.

வீடு முழுக்க உறவுக்காரர்கள். பெட்டியைக் கூடத்தில் வைத்துக் குங்குமம் வைத்திருந்தார்கள். சேலைகள் உள்ளே போயிருந்தன. சோலையம்மாள் என்னைப் பார்த்தது. கையிலிருந்த உளியைப் பார்த்தது. கை நீட்டியது. கொடுத்தேன்.

அதை வாங்கிக் கலையரசியிடம் கொடுத்தது. "நீயே வெட்டு. உம் பேரு உனக்குத் தெரியும்ல?"

"நான் கோடு போட்டுத் தாரேன், தாயி. புது எழுத்துலயே..." என்றேன்.

"நீங்க கை வைக்காதீக அண்ணே. மூடியை மட்டும் புடிங்க. அது சாயும்."

அண்ணே என்றது. அதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

பிடித்தேன். அந்தப் பிள்ளை நாக்கைக் கடித்துக்கொண்டு வெட்டியது. ஊசி போடப் படித்த கை, உளிக்குப் பழகவில்லை. க கோணலாக வந்தது. லை-க்கு முதல் சுழி பெரிசு, இரண்டாவது சின்னது. என் இடது கட்டைவிரல் மூடியின் மூலையில் இருந்த பள்ளத்தில் உட்கார்ந்திருந்தது. அளவெடுத்துச் செய்த மாதிரிச் சரியாக உட்கார்ந்திருந்தது.

எடுத்து, வேறு இடத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டேன்.